அம்மம்மாவின் ஒரு நாளும் இரண்டு போன்களும்

(கிழக்கு லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஒன்றின் பெற்றோர் கூடலில், 2025 வசந்தகாலத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போன மாதம் ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு மரக்கறிக் கடை வாசலில் நின்றேன். எங்கள் பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒன்றின் அம்மம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ரீச்சர், மகன் எனக்குப் புதுப் போன் வாங்கித் தாறேன் எண்டு நிக்கிறான். ஐபோனோ சாம்சங்கோ எண்டு கேக்கிறான். எனக்கு என்ன தெரியும்? நீங்கள் ஒண்டைச் சொல்லுங்கோ" என்றார்.

நூலகத்தில் முதியவர்களுக்குக் கைபேசி பழக்கும் வகுப்பில் நான் உதவி செய்து வருகிறேன். இந்தக் கேள்வி அங்கே வராத கிழமை இல்லை. கேட்டவுடன் ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். கடைக்காரர் சொல்வார், மருமகன் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "அம்மா, காலையில் எழும்பினதிலிருந்து படுக்கப் போகும்வரை போனில் என்னென்ன செய்கிறீர்கள்? ஒன்றும் விடாமல் சொல்லுங்கோ." அவர் மரக்கறிப் பையைக் கீழே வைத்தார். கடை வாசலிலேயே சொல்லத் தொடங்கினார்.

காலை ஆறு மணிக்குத் தேநீரோடு சாவகச்சேரியில் இருக்கும் தங்கச்சியோடு வைபரில் கதைப்பார். குளிர்காலத்தில் இங்கே ஆறு மணி என்றால் அங்கே பதினொன்றரை. தங்கச்சி உலையை இறக்கி வைத்துவிட்டு வந்து இருப்பாராம். ஊரில் ஒரு வங்கிக் கணக்கு இருக்கிறது. அதைத் திறக்கும் இரகசிய எண், பழைய இலங்கைச் சிம்முக்குத்தான் வரும். அதற்காகவே அந்தச் சிம்மை ஒரு பழைய போனில் போட்டு, துணியில் சுற்றி லாச்சிக்குள் வைத்திருக்கிறார். பகலில் யூரியூப்பில் கச்சேரி கேட்பார். வைத்தியரின் நேரத்தை மகள்தான் என்எச்எஸ் செயலியில் பார்த்துச் சொல்வார். குடும்பக் குழுவில் எல்லோரும் தமிழில் எழுதுவார்கள். இவருக்கு எழுத வராது, குரலில் பேசி அனுப்புவார். "என்ர குரலைக் கேக்க அவையளுக்கு நேரமில்லை, எழுத்தெண்டால் வாசிப்பினம்" என்றார். கடைசியாக, பேத்தி பரதம் பழகுகிறாள். மேடையில் ஆடும்போது எடுத்த படத்தில் முகமே தெரியவில்லை, ஒரு சிவப்புப் புள்ளிதான் தெரிகிறது என்றார்.

அந்த நாளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மகனோடு நானும் கடைக்குப் போனேன். அங்கே கண்டதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மகன் தெரிவுசெய்து வைத்திருந்தவை இரண்டு. ஒன்று அப்பிளின் ஐபோன் 16, 2024 செப்ரெம்பரில் வந்தது. மற்றது சாம்சங்கின் கலக்சி எஸ்25, 2025 பெப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. இந்த நாட்டில் வெளியானபோது இரண்டுக்கும் ஒரே விலை: 128 ஜிபி உள்ளது 799 பவுண். ஐபோன் 170 கிராம், சாம்சங் 162 கிராம். திரை ஒன்றில் 6.1 அங்குலம், மற்றதில் 6.2. இரண்டிலும் நினைவக அட்டை போட இடமில்லை. இரண்டும் தண்ணீர் பட்டால் தாங்கும். சாம்சங்கின் திரை நொடிக்கு 120 தடவை வரை புதுப்பிக்கும், ஐபோன் 16இன் திரை 60 தடவை. விரலால் தள்ளி வாசிக்கும்போது இளையவர்களின் கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியும். என் தாளில் அதற்கு இடமில்லை, விட்டுவிட்டேன்.

இவை பகைவர்களின் பொருட்கள் என்று விளம்பரம் சொல்கிறது. உள்ளே திறந்து பார்த்தால் உறவு தெரியும். இரண்டின் மூளைகளும் ஆர்ம் என்ற நிறுவனம் வகுத்த அடிப்படையில் அமைந்தவை. அது 1990இல் கேம்பிரிட்ஜில் தொடங்கியது, லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறினால் சேருகிற ஊர்தான். ஐபோன்களுக்குப் பல ஆண்டுகளாகத் திரை செய்து கொடுக்கும் நிறுவனங்களில் சாம்சங் குழுமமும் ஒன்று. ஐபோன் 16களில் ஒரு பகுதி தமிழ்நாட்டில், சிறிபெரும்புதூர்ப் பக்கம் பொக்ஸ்கொன் ஆலையில் பூட்டப்படுகிறது. அதே சிறிபெரும்புதூரில் குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் செய்யும் சாம்சங் ஆலையின் தொழிலாளர்கள் 2024இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் நோயுற்ற தோழிகளுக்காகப் பொக்ஸ்கொன் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் இறங்கி இருந்தார்கள். நம் மொழி பேசும் பெண்களின் விரல்கள் பூட்டிய பொருள் நம் கையில் இருக்கிறது. போனைப் பற்றிப் பேசும் மேடையில் அவர்களைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை.

இனித் தாளுக்கு வருவோம். முதலில் அழைப்பு.

லண்டனில் முதல் கைபேசி அழைப்பு 1985 சனவரி 1, நள்ளிரவு கடந்ததும் பாராளுமன்றச் சதுக்கத்திலிருந்து போனது. மைக்கல் ஹரிசன் என்ற இளைஞர் தன் தந்தைக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொன்னார். வோடபோன் நிறுவனத்தின் அந்தக் கருவி ஏறக்குறைய 5 கிலோ. அதே மாதத்தில் போட்டி நிறுவனமான செல்நெட்டும் வந்துவிட்டது. இதுவா அதுவா என்ற கேள்விக்கும் அன்றிலிருந்து 40 வயதுக்கு மேல். ஆனால் நம்மில் பலருக்கு அந்தக் காலத்துக் கதை வேறு. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்கு நேரே அழைக்க வழியில்லாமல் இருந்த ஆண்டுகளை இங்கே இருக்கும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊரிலிருந்து அம்மா வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வந்து, ஒரு கொமினிக்கேசன் கடையில் காத்திருப்பார். நாம் இங்கே ஐந்து பவுண் போன் கார்ட்டைச் சுரண்டி, நீண்ட எண்ணை அழுத்தி, மிச்சம் எத்தனை நிமிடம் என்று ஒரு குரல் சொல்லும்போதே அழத் தொடங்குவோம். நான் அழுதிருக்கிறேன். அழைப்பு என்றால் என்ன என்று அம்மம்மாவுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்தக் கடையில் காத்திருந்தவர்களில் அவருடைய தங்கச்சியும் ஒருவர்.

வைபரும் வட்ஸ்அப்பும் இரண்டு போனிலும் ஒரே மாதிரித்தான் வேலை செய்யும். ஐபோனுக்கே உரிய பேஸ்ரைம், ஊரில் பெரும்பாலானோர் சாம்சங் போன்ற அண்ட்ரொய்ட் போன்களை வைத்திருப்பதால், அவருக்கு உதவாது. ஒரு வீட்டில் பிள்ளைகள் எல்லோரும் ஐபோன் வைத்திருந்து, அழைப்பு எல்லாம் பேஸ்ரைமில் நடக்கிறது என்றால் கதை மாறும். அங்கே தாய்க்கும் ஐபோன்தான் பொருத்தம்.

வேறுபாடு சிம்மில் வந்தது. இங்கே விற்கும் எஸ்25இல் இரண்டு பிளாஸ்ரிக் சிம்கள் போடலாம். இங்கே விற்கும் ஐபோன் 16இல் ஒரு பிளாஸ்ரிக் சிம்தான். இரண்டாவது எண்ணை, போனுக்குள்ளேயே பதியும் இசிம்மாக மாற்றிக்கொள்ள வேண்டும். இளையவர்களுக்கு இது பத்து நிமிட வேலை. துணியில் சுற்றி லாச்சிக்குள் இருக்கும் இலங்கைச் சிம்மை, ஒரு மாற்றமும் செய்யாமல் எடுத்துப் போட இடம் இருப்பது எஸ்25இல்தான். அம்மம்மாவின் இரண்டு போன் ஒன்றாகும். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஐபோன் வாங்கி அனுப்பினால் கவனியுங்கள்: ஐபோன் 14 தொடக்கம் அந்த நாட்டில் விற்பவற்றில் சிம் போடும் தட்டே கிடையாது.

அடுத்தது தமிழ். இதில் நாம் நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டிலிருந்து தமிழ்99 விசைப்பலகை வந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005இலேயே செல்லினம் என்ற செயலி வழியாகக் கைபேசியில் தமிழை எழுதக் கொடுத்தார். 2013இல் ஐபோனின் மென்பொருள் ஐஓஎஸ் 7 வந்தபோது ஐபோனுக்குள்ளேயே தமிழ் விசைப்பலகை வந்துவிட்டது. அண்ட்ரொய்டில் கூகிளின் விசைப்பலகையும் சாம்சங்கின் விசைப்பலகையும் தமிழ் எழுதும். ஆக, விரலால் எழுதுகிறவர்களுக்கு இரண்டும் போதும். கணினியில் பாமினி எழுத்துருவில் பழகிய கை முதலில் தடுமாறும், இரண்டு கிழமையில் பழகிவிடும்.

அம்மம்மா விரலால் எழுத மாட்டார். கடையில் காட்சிக்கு வைத்திருந்த சாம்சங் போனில், கூகிள் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டு, "தங்கச்சி, சாப்பிட்டியா?" என்று நான் சொன்னேன். எழுத்தாக வந்து நின்றது. மகன் "அம்மாவின் பேச்சை எழுதுமா?" என்று கேட்டார். அது நல்ல கேள்வி. அடுத்த நாள் அம்மம்மாவையே கூட்டிக்கொண்டு போனோம். "தங்கச்சி, முருங்கைக்காய் கிடைச்சுது, ஆனா முத்தல்" என்று சொன்னார். "முத்தல்" மட்டும் பிழையாக வந்தது. அவர் சிரித்துக்கொண்டு திரும்பவும் சொன்னார், சரியாக வந்தது. உங்கள் வீட்டில் குரலால் எழுத வேண்டியவர் இருந்தால், எந்தப் போனாக இருந்தாலும், வாங்குமுன் கடையிலேயே அவர் வாயால் நாலு வசனம் சொல்லிப் பாருங்கள். மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

எழுத்தைப் பெரிதாக்குவது இரண்டிலும் உண்டு. சாம்சங்கில் இலகு முறை என்று ஒன்றைப் போட்டுவிட்டால் படங்களும் எழுத்தும் பெரிதாகிவிடும். ஐபோனில் 2023 முதல் உதவி அணுகல் என்ற அமைப்பு இருக்கிறது. திரையில் நாலைந்து பெரிய கட்டங்கள் மட்டும் நிற்கும். நினைவு தடுமாறும் முதியவருக்கு அதுதான் சிறந்தது என்பது என் கருத்து.

கமரா பற்றிச் சொல்ல வேண்டும். தமிழர் லண்டனில் கமரா என்றால் மேடை. அரங்கேற்றம், சாமத்தியவீடு, தேர். ஐபோன் 16இல் இரண்டு கமராக்கள். எஸ்25இல் மூன்று, அந்த மூன்றாவது, தூரத்தில் உள்ளதை மூன்று மடங்கு கிட்டக் கொண்டுவரும் வில்லை. மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து பேத்தியின் கண் அசைவைப் பிடிக்க அந்த வில்லை வேண்டும். ஐபோன் 16இல் இரண்டு மடங்குவரை படம் நன்றாகத்தான் வரும், அதற்கு மேலே போனால் முகம் கரையும். பக்கத்தில் இருந்து வீடியோ எடுப்பதென்றால் எனக்கு ஐபோனைத்தான் பிடிக்கும். அம்மம்மா பக்கத்தில் இருப்பதில்லை. முழங்கால் வருத்தம், கதவுக்குக் கிட்டக் கடைசி வரிசையில்தான் இருப்பார்.

இனி ஆண்டுக் கணக்கு. இதை இளைஞர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். 2024 ஏப்ரல் 29 முதல் இந்த நாட்டில் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. போன் தயாரிப்பவர், குறைந்தது எத்தனை காலத்துக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புத் தருவேன் என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். சாம்சங் எஸ்25க்கு ஏழு ஆண்டு என்கிறது. அப்பிள் எழுத்தில் தருவது குறைந்தது ஐந்து ஆண்டு. 799 பவுணை ஏழால் பிரித்தால் ஆண்டுக்கு 114. ஐந்தால் பிரித்தால் 160. எழுத்தைப் பார்த்தால் சாம்சங் வெல்கிறது. ஆனால் வாக்கைப் பார்க்கிற இடத்தில் நடத்தையையும் பார்க்க வேண்டும். 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர், 2024 செப்ரெம்பரில் வந்த ஐஓஎஸ் 18ஐயும் பெற்றது. 2017இல் சாம்சங் எஸ்8 வாங்கியவர்களுக்கு நாலு ஆண்டில் புதுப்பிப்பு நின்றுவிட்டது. சாம்சங்கின் ஏழு ஆண்டு வாக்கு 2024 சனவரியில் எஸ்24ஓடுதான் தொடங்கியது. அது முழுதாக நிறைவேறியதை இன்னும் யாரும் கண்டதில்லை. அப்பிள் குறைவாகச் சொல்லிக் கூடுதலாகச் செய்திருக்கிறது. இந்த ஒரு விடயத்தில் நான் ஐபோன் பக்கம். திரும்ப விற்றாலும் ஐபோனுக்குத்தான் நல்ல விலை வரும்.

காசைப் பற்றி ஒரு கணக்கு. கடையில் மகனுக்கு மாதம் 50 பவுண் என்ற 24 மாத ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். மொத்தம் 1200. போனை 799க்கு நேரே வாங்கி, மாதம் 10 பவுண் சிம் போட்டால் 1039. வித்தியாசம் 161 பவுண். வட்டியில்லாத் தவணை கிடைத்தால் 799ஐ 24ஆல் பிரியுங்கள், மாதம் 33 பவுணும் சில்லறையும். ஒப்பந்தமே வேண்டும் என்றாலும், 2025 சனவரி 17 முதல் புதிய ஒப்பந்தங்களில் இடையில் விலை கூடுமானால் எத்தனை பவுண், எத்தனை பென்ஸ் என்று முன்னமே எழுத வேண்டும் என்பது தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஒவ்கொமின் விதி. அந்த வரியை விரல் வைத்து வாசியுங்கள். இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் மனம் மாறலாம். பழுதான பொருள் என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் கேட்கலாம். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் தந்த உரிமை அது.

திருட்டு. ஸ்ரேசன் வாசலில் நின்று வழி பார்க்கும்போது மின்சைக்கிளில் வந்து பறித்துக்கொண்டு போகிறார்கள். இது போனைத் தெரிவுசெய்யும் விடயமே இல்லை, இரண்டையும் பறிப்பார்கள். ஐபோனில் திருட்டுக் காப்பு 2024 சனவரியில் வந்தது, அண்ட்ரொய்டிலும் பறித்தவுடன் பூட்டிக்கொள்ளும் வசதி வந்திருக்கிறது. அமைப்புகளுக்குள் போய் அது போடப்பட்டிருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள். *#06# என்று அழுத்தினால் வரும், போனின் அடையாள எண்ணை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பொலிசாரும் நெற்வேர்க்கும் கேட்பது அந்த எண்ணைத்தான்.

பழைய போனை ஊருக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு சொல். சில ஆண்டுகளுக்கு முன் நான் என் அம்மாவுக்கு ஒரு போன் அனுப்பினேன். அதிலிருந்து என் கணக்கை நீக்க மறந்துவிட்டேன். அங்கே விடிய அம்மா அதைத் திறந்தார். என் கடவுச்சொல்லைக் கேட்டது. இங்கே சாமம், நான் நித்திரை. அவர் பிள்ளையை எழுப்பக்கூடாது என்று அந்தப் பெட்டியை மூடி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த இரண்டு மாதமும் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அனுப்புமுன் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, முழுதாக அழித்துவிட்டு அனுப்புங்கள். மிகப் பழையதை அனுப்பவும் வேண்டாம். ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் ஆகியவற்றில் 2025 மே 5 முதல் வட்ஸ்அப் வேலை செய்யாது.

தீர்ப்பைச் சொல்லும் நேரம். அம்மம்மாவுக்கு நான் சாம்சங் எஸ்25 என்று சொன்னேன். இரண்டு சிம், தமிழில் குரலெழுத்து, கடைசி வரிசையிலிருந்து பேத்தியின் முகம்: அவர் நாளில் இருந்த மூன்று தேவைக்கும் அதுதான் பதில் சொன்னது. எட்டு ஆண்டாக அண்ட்ரொய்டில் பழகிய கை என்பதும் சேர்ந்தது. மேடைப் படம் அவருக்குத் தேவையில்லை என்றால் 799 பவுண் வீண்; சாம்சங்கின் சுமார் 200 பவுண் போன் ஒன்றே போதும் என்று சொல்லியிருப்பேன். அதே கிழமை என்னிடம் வந்த வேறொரு தாய்க்கு ஐபோன் என்றுதான் சொன்னேன். அவருடைய நாலு பிள்ளைகளும் ஐபோன் வைத்திருக்கிறார்கள், அவருக்கு மறதி தொடங்கியிருக்கிறது, ஊர்ச் சிம் கிடையாது. போன் இரண்டும் அதேதான், நாள் வேறு.

அம்மம்மா இப்போது குடும்பக் குழுவில் எழுதுகிறார். ஆனால் அது போன் வாங்கிய அன்று நடக்கவில்லை. முதல் கிழமை பெட்டி மேசையில் இருந்தது. மகனுக்கு இரவு வேலை. பன்னிரண்டு வயதுப் பேத்திதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்தில் இருந்து, ஒலிவாங்கியை எங்கே தொடுவது, சிம்மை எப்படி மாற்றுவது, தவறாக எழுதினால் எப்படி அழிப்பது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தாள். ஒரு மணித்தியாலம் ஆனதாம்.

உங்களிடம் நான் கேட்பது அந்த ஒரு மணித்தியாலத்தை. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ போன் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள் என்றால், நாளைக்கு ஞாயிறு, பக்கத்தில் இருந்து பழக்கிக் கொடுங்கள்.